தமுக்கு அடிக்காத நாள்

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "பட்டணத்துல இருந்து தம்பி எழுதியிருக்காக" என்று நீட்டினபோது நான் மிளகாய் வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடு கடிதத்தைப் பிரித்து, அந்தக் கையோடு கண்ணையும் கசக்கிவிட்டேன். அப்புறம் கேட்கவா வேண்டும், கண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. கடைக்கு வந்த பெண்கள் எல்லாம் நான் மகனை நினைத்து அழுகிறேன் என்று சுற்றி நின்றுகொண்டார்கள். "அழுகாத ஆத்தா, பண்டிகைக்கு வந்துருவாக" என்று ஒருத்தி முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் அழவில்லை. உன்மேல் எனக்குக் கோபம். கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று தள்ளிப் போட்டுப் பார்த்தேன். அது தணிகிற வழியாக இல்லை. அதையும் கூட வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ப்ரொடக்ஷன் மேனேஜர் உன்னை நம்பி, வெளியூர்ப் படப்பிடிப்புக்கு இடம் பார்த்து அனுமதி வாங்குகிற பொறுப்பைக் கொடுத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய், அதுவும் சந்தோஷம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் கோயிலில் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அதற்கு அடுத்தாற்போல, நம் பழைய ஊர்ப் பெரிய வாய்க்காலை மேனேஜரிடம் வர்ணித்துச் சொன்னதாகவும், மேற்கே மலையும் கரையில் தென்னந்தோப்புமாக அப்படி ஓர் இடம் எங்கேயும் கிடைக்காது என்று அவரும் ஒத்துக்கொண்டதாகவும், தண்ணீரை அரை நாள் அடைத்துத் திறக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். வாய்க்கால் ஓவர்சியரையும் கிராம முன்சீப்பையும் நான் ஒரு வார்த்தை பார்த்துப் பேசி வைக்க வேண்டுமாம். 'அப்பா ஒரு காலத்தில் செய்த வேலைதானே, அவருடைய சாமர்த்தியம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கும்' என்று வேறு பெருமை.

ஏலே, அந்தச் சாமர்த்தியம் என்ன செய்துவிட்டுப் போனது என்று உனக்குத் தெரியாது. தெரியாதது உன் குற்றமில்லை. அப்போது உனக்கு ஐந்து வயது. வளர்ந்த பிறகும் உனக்கு யாரும் சொல்லவில்லை. குருவம்மா வாய்க்காலோடு போய்விட்டாள் என்று மட்டும் சொல்லி வளர்த்தோம், என்னவோ அவளாகக் கிளம்பி எங்கேயோ போனவள் மாதிரி. இப்போது முழுவதையும் சொல்லப் போகிறேன். வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த அப்பா வாய் திறக்காத அப்பா. பழைய ஊர்க் கடை ஓரத்தில் உட்கார்ந்து சணல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருப்பார். நீ ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் கட்டிக்கொண்டு வந்தது அந்த மனிதரை இல்லை. அவர் தெருவில் நடந்து வந்தால் அவருக்கு முன்னால் அவருடைய குரல் வந்துவிடும். இது ஆகாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மலை மேலே ஏலத்தோட்டத்துக்கு வண்டிப் பாதை வேண்டுமா, சந்தையில் கடை போட இடம் வேண்டுமா, எல்லாரும் அவரைத்தான் தேடி வந்தார்கள். அவர் சர்க்கார் கச்சேரிப் படியில் நேராக ஏறவே மாட்டார். முதலில் அந்த அதிகாரியின் வீட்டுக்குப் போவார். வீட்டம்மா எந்த ஊர்க்காரி, பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும், மாமியாருக்கு என்ன வியாதி, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார். ரேஞ்சர் மாமியாருக்கு மூட்டுவலி என்றால் மலைத்தேன் போகும், ஓவர்சியர் மகனுக்கு மலைவாழைப்பழம் போகும். காகிதம் அதற்குப் பின்னால் தானாக வரும். "கையெழுத்து பேனாவுல இல்ல புள்ள, மூஞ்சியில இருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

என்னைக் கட்டினதும் அப்படித்தான். என் அப்பாவிடம் கேட்டார். என் தாய்மாமனிடம் கேட்டார். பாதிரி ஐயரைப் பார்த்து சபையில் கேட்டார். போடியில் இருந்த என் சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டு, அவர் கடை வாசலில் போய் நாள் கணக்காக உட்கார்ந்து அவரையும் சரிக்கட்டிவிட்டார். இத்தனை பேரிடம் சம்மதம் வாங்கினவர் என்னை மட்டும் கேட்கவில்லை. நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். பின்னால் ஒருநாள் சண்டையில் இதைச் சொல்லிக் காட்டினேன். "உன்னையுமா கேக்கணும்? நீதான் வேண்டாம்னு சொல்லலையே" என்றார். மெய்யாகவே அவருக்குப் புரியவில்லை. கேட்க வேண்டிய ஆள் என்று ஒரு வரிசை அவர் மனதில் இருந்தது. அந்த வரிசையில் இல்லாதவர்கள் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. அதைத்தான் உனக்குச் சொல்லுகிறேன், கெட்ட எண்ணம் இல்லாமலேயே இவ்வளவும் நடந்தது.

யுத்தத்துக்கு முந்தி, படம் பேச ஆரம்பித்த புதிது. மதுரையில் அப்பாவிடம் ஏலக்காய் வாங்குகிற வியாபாரி ஒருவர் பங்கு போட்டு ஒரு கம்பெனி தொடங்கி, ஆட்களைக் காரில் ஏற்றி நம் ஊருக்கு அனுப்பினார். வந்தவர்கள் வாய்க்காலைப் பார்த்துவிட்டு அங்கனயே நின்றுவிட்டார்கள். தண்ணீர் அடைத்த வாய்க்கால் மணலில் கதாநாயகி அழுதுகொண்டு நடக்க வேண்டும். அதன் பிறகு தெய்வம் கண் திறந்து, வறண்ட மணலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு புரண்டு வர வேண்டும். அந்தத் தண்ணீரின் சத்தத்தையும் பிடிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சவுண்டுக்காரர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், காதில் இரண்டு கிண்ணத்தை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பார். மாட்டுக் கழுத்து மணி கேட்கிறது என்பார், எங்கேயோ நெல் குத்துகிறார்கள் என்பார், கொல்லன் பட்டறை என்பார், நாய் என்பார். கடைசியில், இந்த ஊரில் படம் எடுக்கவே முடியாது, ஊர் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

முடியாது என்ற வார்த்தை அப்பா காதில் விழுந்ததும் என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். ஓவர்சியரிடம் தண்ணீர் அடைக்கிற உத்தரவு ஏற்கனவே வாங்கியாயிற்று. முன்சீப்பும் ஊர்ப் பெரியவர்களும் சரி சொல்லியாயிற்று. இப்போது ஊரையே வாய் மூட வைக்கிறேன் என்று கிளம்பினார். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். நம் பக்கத்தில் வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் அது வாக்கு. அதற்குமேல் பத்திரம் எதுவும் வேண்டாம். கொல்லர் வாங்கிக்கொண்டு அன்றைக்கு உலையை மூட்டுவதில்லை என்றார். அம்மன் கோயில் பூசாரி மணி அடிப்பதில்லை என்றார். நம் கோயில் மணியையும் ஐயரிடம் சொல்லி நிறுத்தினார். பெண்கள் முந்தின நாளே நெல் குத்தி வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் மணிக்குள் வைக்கோலைத் திணித்தார்கள். ஊருக்கே அது ஒரு வேடிக்கை, ஒரு திருவிழா. "கேட்டியா, அம்புட்டுப் பேரும் வாங்கிக்கிட்டாக. ஒருத்தர் மறுக்கல" என்று வந்து என்னிடம் தாம்பாளத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

ராசா, கேட்ட மாத்திரத்தில் ஓர் ஊர் முழுவதும் சரி என்று சொன்னால் நீ சந்தோஷப்படாதே, பயப்படு. அவர்கள் எதற்குச் சரி சொன்னார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா என்று உட்கார்ந்து யோசி.

தெருவெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக வீரணனிடம் போனார். வீரணன்தான் ஊருக்குத் தமுக்கு அடிக்கிறவர், குருவம்மாவின் அப்பா. வாய்க்காலை அடைத்தால் எவ்வளவு பெரிய வாய்க்காலானாலும் அங்கங்கே குழியில் தண்ணீர் தங்கும், அதில் அயிரை மீன் துள்ளும். ஏழைபாழைகள் எல்லாம் இறங்கிவிடுவார்கள். துணி துவைக்கிறவர்கள், மணல் அள்ளுகிறவர்கள், எல்லாரும் உள்ளேதான். அதனால் திரும்பத் திறக்கிறதற்கு ஒரு முறை இருந்தது. வீரணன் தமுக்கை அடித்துக்கொண்டு, "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கரையோடு கீழ்மடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். அவர் வந்து ஆள் இல்லை என்று சொன்ன பிறகுதான் மதகு திறக்கிற லஸ்கர் ஷட்டரில் கை வைப்பான். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்குவான். இது எந்த உத்தரவிலும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"தண்ணி தொறக்கையிலயுமா அடிக்க வேண்டாங்கிறீக?" என்று வீரணன் கேட்டாராம்.

"அதுதானய்யா முக்கியம். தண்ணிச் சத்தத்தப் பிடிக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. நடுவுல உன் தமுக்கு கேட்டா எல்லாம் பாழாப் போகும்."

"அப்ப உள்ள எறங்குனவுகளுக்கு யாரு சொல்றது அய்யா?"

"நான் முத நாளே வீடு வீடாச் சொல்லிருறேன். பொழுது சாயத்தான் தொறப்பாக. அதுக்குள்ள எல்லாரும் ஏறிருவாக. நான் சொல்றேன்ல?"

நான் சொல்றேன்ல என்று அப்பா சொன்னால் நம் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. வீரணன் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். அப்பா சொன்னபடியே வீடு வீடாகப் போய், பொழுது சாய்ந்தால் வாய்க்காலில் ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டும் வந்தார். அதில் அவர் குறை வைக்கவில்லை.

குருவம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நம் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ள வருவாள். வந்தவள் காம்பைக் கிள்ளினதைவிட உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான் அதிகம். ஐந்து வயசுக் கழுதையைத் தூக்கிச் சுமக்காதே என்று நான் திட்டுவேன். "கெடக்கட்டும் தாயி, நடந்தா காலு வலிக்கும்ல" என்பாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாய். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், அவள் சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்கும். வாய்க்கு வாய் சண்டை போடுவேன் அவளோடு. மார்க்கையன்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, பேசி முடித்திருந்தார்கள். எனக்கு மகள் இல்லாத குறையை அவள்தான் தீர்த்தாள். இதை அவள் இருக்கும்போது ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை.

அன்றைக்குக் காலையிலேயே வாய்க்கால் வற்றிவிட்டது. கதாநாயகி மணலில் நடந்தாள், அழுதாள், திரும்பத் திரும்ப அழ வைத்தார்கள். ஊர் மூச்சுக் காட்டவில்லை. கைக்குழந்தைகளைத் தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய ஊர் அப்படி ஒடுங்கிக் கிடந்ததை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு குருவு எங்கே, குருவு எங்கே என்று என் காதைக் கடித்தாய். அவள் அயிரை பிடிக்கப் போயிருக்கிறாள், பொழுது சாயுமுன் வந்துவிடுவாள் என்று உன்னை அமுக்கி வைத்திருந்தேன்.

மத்தியானம் தாண்டினதும் மேற்கே மலைமேல் மேகம் கூடிவிட்டது. படம் பிடிக்கிறவர் வானத்தைப் பார்த்துப் பதறினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் போய்விடும், இப்போதே திறந்தால்தான் உண்டு, மொத்தமாகத் தூக்கச் சொல்லுங்கள், அலை பெரிதாக வர வேண்டும் என்றார். அப்பா கையில் இருந்த உத்தரவில் இன்ன தேதி அடைத்துத் திறக்கலாம் என்று மட்டும்தான் இருந்தது, எத்தனை மணிக்கு என்று இல்லை. சரி என்றார். லஸ்கர் ஷட்டரில் கையை வைத்துக்கொண்டு வீரணனைப் பார்த்தான். வீரணன் தமுக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார், பழக்கம் விடவில்லை, எடுத்து வந்திருந்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். கோலைப் பிடித்திருந்த கை கொஞ்சம் உயர்ந்தது. அப்பா உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

நான் அங்கனதான் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

தண்ணீர் வந்தது. அவர்கள் கேட்டபடியே, சுவர் சாய்ந்த மாதிரி வந்தது. சவுண்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், அன்றைக்குத்தான் அவர் முகம் மலர்ந்தது. அது எங்கள் முன்னால் போய்த் தோப்பு வளைவில் திரும்பியது. வளைவுக்கு அப்பால் நடந்ததைக் கரையில் நின்ற பெண்கள் பின்னால் எனக்குச் சொன்னார்கள். கீழே குழிகளில் நாலைந்து பிள்ளைகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்து என்ன செய்தார்கள் தெரியுமா? துண்டை வீசினார்கள். முந்தானையை அவிழ்த்து வீசினார்கள். கையை ஆட்டிக்கொண்டு கரையோடு ஓடினார்கள். ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை. நிமிர்ந்து பார்த்த பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். குருவம்மா குனிந்து முந்தானையைத் தண்ணீரில் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கடைசியில் ஒரு கிழவர் பொறுக்க முடியாமல் கத்தினாராம். அதற்குள் தண்ணீரின் சத்தமே பெரிதாகிவிட்டது.

ஏன் கத்தவில்லை, ஏன் பாவிகளே கத்தவில்லை என்று நான் அந்தப் பெண்களைப் பிடித்து உலுக்கினேன். ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "சத்தம் போடக் கூடாதுன்னாகளே தாயி. வெத்தல வாங்கிட்டமே." மகனே, உலகத்தில் எந்த ஊரையும் அப்படி வாக்குக் கொடுக்க வைத்துவிடாதே.

கீழ்மடையில் எடுத்தார்கள். வீரணன் தமுக்கைத் தோளிலிருந்து இறக்காமலேயே மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அவள் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன். நீ அவளை எழுப்பு எழுப்பு என்று அழுதாய். கம்பெனிக்காரர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே போய்விட்டார்கள்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தண்ணீர் திறக்கும்போது தமுக்கு அடிப்பது யார் வேலை? வீரணன் வேலை. அடித்தாரா? இல்லை. ஏன் அடிக்கவில்லை? அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வெத்தல வாங்கிட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னார். வெளியூர் அதிகாரிக்கு அது என்ன பதில் என்றே விளங்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, தமுக்கு அடிக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டார்கள். "ஊரை அமைதியாக இருக்கச் சொன்னேன். தமுக்கைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை" என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்தது. கடமை தவறினார் என்று வீரணனை வேலையிலிருந்து நீக்கி, அந்த வேலைக்கென்று விட்டிருந்த மானிய நிலத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். மகளையும் கொடுத்து, வயலையும் கொடுத்து, பழியையும் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போனார்.

அப்பா வந்ததும் வராததுமாகக் கேட்டேன், "சொல்லவே இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தீகளாமே?"

"சொன்னேன்னா உள்ள வச்சுருவாக. நமக்கு ஒரு புள்ள இருக்கு."

"அவருக்கும் ஒரு புள்ள இருந்துச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. என்னை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. விரலைப் பார்த்தவள் நான். கேட்க வேண்டிய வரிசையில் நான் அங்கேயும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், புருஷன் என்று பார்த்திருக்க மாட்டேன். அப்பாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் அவர் அந்த மானியத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்கக் கிளம்பினார். அலையாத அலைச்சல் இல்லை. பெரியகுளம் போவார், மதுரை போவார், வீட்டம்மாக்களைப் பார்ப்பார், தேன் கொண்டு போவார், வாழைத்தார் கொண்டு போவார். எல்லாரும் நல்ல வார்த்தை சொல்லி, காகிதக் கட்டை எடுத்துப் பிரித்து, அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையே அவருக்குக் காட்டினார்கள். ஊரில் யாருடைய காரியத்தையும் முடித்துக் கொடுத்த மனிதருக்கு அந்த ஒன்று முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். நீ பார்த்த அப்பா அவர்தான்.

அந்தப் படம் தேனிக்கு டூரிங் டாக்கீஸில் வந்தது. அப்பா வரவில்லை. நான் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்காகக் குருவம்மா வாயையும் ஊர் வாயையும் அடைத்தார்களோ அதை ஒரு தடவை கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். கதாநாயகி மணலில் விழுந்து கும்பிட்டாள். தண்ணீர் வந்தது, நம் வாய்க்கால், நம் தோப்பு. சத்தம் வரவில்லை. அதன்மேல் ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் போட்டு ஒரு பாட்டை ஓட்டிவிட்டார்கள். தண்ணீரின் சத்தம் ஒரு சொட்டுக்கூட அதில் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்து, கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் முகத்தையே பார்த்தார். சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் அவரிடம் நான் இரக்கப்பட்டு மறைத்தேன். யுத்தத்தின்போது அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அந்தச் சத்தம் படத்தில் இருக்கிறது என்றே நினைத்திருந்தார். அவர் போன பிறகு எனக்கு அந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு தேனி பஜாருக்கு வந்து இந்தக் கடையைப் போட்டேன்.

இப்போது புரிகிறதா, உன் கடிதத்தைப் பார்த்து எனக்கு ஏன் எரிந்தது என்று. உன்னை இந்த வேலையை விடச் சொல்லமாட்டேன். அப்பா மாதிரி நீயும் நல்லவன்தான், அதுதான் எனக்குப் பயம். ஓர் ஊருக்குப் போனால், அவர்களை எதை நிறுத்தச் சொல்கிறாயோ, அது அவர்களுக்கு எதற்கு என்று முதலில் கேள். நாய் குரைப்பதானாலும் கேள். பெரிய மனிதர்களிடம் கையெழுத்து வாங்கினதோடு வேலை முடிந்தது என்று திரும்பிவிடாதே. உத்தரவில் எழுதாமல் விட்டது என்ன என்று பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் போடச் சொல்லி யாரும் கேட்காதவர்களும்தான் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்கிறார்கள்.

ஓவர்சியரையும் முன்சீப்பையும் நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். ஆனால் நீ கேட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று இருக்க வேண்டாம். நேற்றுக் கடையைச் சாத்திவிட்டு, பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வீரணனைப் பார்த்தேன். யாருடைய ஆடுகளையோ மேய்த்துக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க தாயி. தம்பி நல்லா இருக்காகளா? எம் மக கழுத்த விட்டு எறங்கவே மாட்டாக" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மகன் சினிமாக் கம்பெனியில் இருக்கிறான், இதே வாய்க்காலை அடைத்துத் திறந்து படம் எடுக்க வேண்டும் என்கிறான், உங்களிடம் கேட்கத்தான் வந்தேன், நீங்கள் வேண்டாம் என்றால் இன்றைக்கே எழுதி நிறுத்திவிடுவேன் என்றேன்.

"என்கிட்டயா கேக்க வந்தீக?" என்றார்.

"ஆமா, உங்ககிட்டத்தான்."

"அன்னைக்கு யாரும் கேக்கலையே தாயி. சொல்லத்தான் செஞ்சாக."

ஆடுகள் கரையில் இறங்கின. அவர் அவற்றை விரட்டிவிட்டு வந்து நின்றார்.

"எடுக்கட்டும். தம்பி பொழைப்ப நான் கெடுக்க மாட்டேன். ஆனா தண்ணி தொறக்கையில நான் அடிப்பேன். தமுக்கு கூரை எரவானத்துல கெடக்கு, தோல மட்டும் மாத்தணும். எனக்கு இப்ப எந்த வேலையும் இல்ல, எந்த உத்தரவும் இல்ல, ஒருத்தர்கிட்டயும் நான் வெத்தல வாங்க மாட்டேன். இங்கன இருந்து கீழ்மடை வரைக்கும் அடிச்சுக்கிட்டே போவேன். எம் மகளுக்கு அடிக்காததையும் சேத்து அடிப்பேன். எந்தத் தொரை வாயில வெரல வச்சாலும் நிறுத்த மாட்டேன்."

நானும் உங்களோடு வருகிறேன், தண்ணி வருது தண்ணி வருது என்று நான் கத்திக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். எனக்குக் குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. நீ அந்தக் கம்பெனியின் ஆளாக நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் நாங்கள் போவோம். அப்போது உன் கை உதட்டுக்குப் போகிறதா என்று நான் பார்ப்பேன்.

ஆகவே, நீ கேட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்று உன் மேனேஜரிடம் சொல். சத்தம் இருக்கும் என்று சவுண்டுக்காரரிடமும் இப்போதே சொல்லிவிடு.

உன் அம்மா